அவருக்குப் பிடித்த கைத்துப்பாக்கி

நெமிலிச்சேரி,
டிசம்பர் 6.

அன்புத் தங்கை நிஷாவுக்கு,

அனுசுயா அக்கா எழுதுவது. நீ நல்லபடியாக இருக்க வேண்டும். நேற்று வானகரம் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். அங்கே குளிர் உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார்கள். நீ எங்களுக்காகச் செய்கிற காரியத்தைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. டாக்டருக்குப் படிக்கப் போன பெண், பயிற்சிக்குப் போகிற பட்டாளத்து ஆஸ்பத்திரியில் யாரோ ஒருவரின் காதில் ரகசியம் பேசுகிறாள் என்று தெரிந்தால் அவர்களுக்குத் தூக்கம் போய்விடும். மாட்டிக்கொண்டால் உன் படிப்பே போகும் என்று நீ சொன்னதும் நினைவிருக்கிறது. நினைவு வைத்துக்கொண்டேதான் மறுபடியும் கேட்கிறேன். வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?

நீ சொன்னபடி இதில் நாட்டின் பெயரோ ஊரின் பெயரோ எழுதவில்லை. வார்டு வாசலில் போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள் என்றாய். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். பூந்தமல்லியில் காலித் அண்ணனுக்கு செல்போன் கடை இருக்கிறது அல்லவா, அவர் ஸ்கேன் எடுத்து உனக்கு அனுப்புவார், நீ அச்செடுத்துக் கொண்டுபோ. காணாமல் போன என் வீட்டுக்காரர் சரணைத் தேடி அவர் பேஸ்புக்கில் போட்ட போட்டோவைப் பார்த்துத்தானே நீ எங்களைத் தேடி வந்தாய்.

நீ சொன்னதையே வீட்டில் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த ஆளுக்கு முகத்திலும் கண்ணிலும் கட்டு. தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருப்பதால் பேச்சு இல்லை. அடையாளத்துக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். உன் கையிலிருந்து தட்டு நழுவி நீ ‘ஐயோ அம்மா’ என்றதும் அந்தத் தலை உன் பக்கம் திரும்பியது. சரணா என்று கேட்டாய். தலையாட்டினார். அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டோம். மறுநாள் நீ சந்தேகப்பட்டு முருகனா என்று கேட்டாய். அதற்கும் ஆட்டினார். பசிக்கிறதா, வலிக்கிறதா, வெளியே மழையா, எல்லாவற்றுக்கும் ஆட்டினார். மருந்து மயக்கம் என்றாய். வயிற்றில் இருக்கும் ஆபரேஷன் தழும்பைப் பார்க்கலாம் என்றால் அங்கேயும் கட்டு.

அதனால் ஒரு வழி யோசித்திருக்கிறேன். கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும்.

என் வீட்டுக்காரருக்குக் கைத்துப்பாக்கிப் பைத்தியம். பழைய பட்டாளத்துத் துப்பாக்கிகள். நிஜத்தில் ஒன்றைக்கூடக் கையால் தொட்டதில்லை. ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது ஓட்டத்தில் முன்னால் வந்தார். பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று கண் டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். அப்புறம் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டு, மிச்ச நேரமெல்லாம் போனில் துப்பாக்கி வீடியோதான். பேஸ்புக்கில் அவர் பெயரே ‘லூகர் சரண்’. லூகர் என்பது ஜெர்மன்காரன் துப்பாக்கி. அவருக்குப் பிடித்தது அதுதான் என்று ஊருக்கெல்லாம் தெரியும்.

ஆனால் அது இல்லை. உண்மையில் பிடித்தது எது என்று என் ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறார். அவருடைய உயிருக்குயிரான கூட்டாளி காலித் அண்ணனுக்கே தெரியாது. ஐப்பசியில், அவரை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட், சரண் அனுப்பியது என்று எங்களுக்கு ஒரு மெசேஜ் காட்டினான். நான் நலம், வேலை நன்றாக இருக்கிறது, போலீசுக்குப் போகாதீர்கள் என்று இருந்தது. உங்களுக்குப் பிடித்த துப்பாக்கி எது என்று பதில் போடச் சொன்னேன். ‘லூகர்’ என்று வந்தது. அதை எழுதியது அவர் இல்லை என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. பொட்டலம் கட்டும் வேலை என்று கூட்டிப்போய், படிக்கத் தெரியாத எழுத்தில் இருந்த காகிதத்தில் கையெழுத்து வாங்கி, சண்டை நடக்கும் இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்று ஆடி மாதம் அவர் அழுதுகொண்டே பேசியதுதான் நாங்கள் கேட்ட கடைசிக் குரல்.

இதோடு அவருக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் படி. கடைசியில் துப்பாக்கிகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லு. வலது கையில் இரண்டு விரல் கட்டுக்கு வெளியே இருக்கிறது என்றாயே, எந்தப் பெயருக்கு அந்த விரல் அசைகிறது என்று மட்டும் பார். சரியான பதிலை உனக்கும் சொல்லமாட்டேன். தெரிந்தால் அந்த இடத்தில் உன் குரல் மாறிவிடும்.

கோபித்துக்கொள்ளாதே அம்மா. உன் வயதில் இதெல்லாம் சுமக்க வேண்டியதில்லை.

உன் அக்கா,
அனுசுயா.

*

நெமிலிச்சேரி,
அதே நாள்.

என்னங்க,

இதைப் படிப்பது நிஷா தங்கச்சி. அவள் வாயால் பேசுவது நான். தலையை ஆட்ட வேண்டாம். கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள்.

இங்கே எல்லோரும் நலம். அப்படி எழுதிப் பழகிவிட்டது. அம்மாவுக்கு முட்டி வீங்கியிருக்கிறது. போன மழையில் தெருத் தண்ணீர் வாசற்படி வரை வந்து வடிந்தது. உங்கள் பைக்கைத் தூக்கிச் செங்கல் மேல் நிறுத்தியிருக்கிறேன். அப்பா எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. ஏஜென்ட்டை டீக்கடையில் பார்த்துப் பேசி வீட்டுக்கு அழைத்து வந்தது அவர்தானே. தட்டை வாங்கிக்கொண்டு வெளியே போய்க் குழாயடியில் நின்றபடி சாப்பிடுகிறார். அம்மா தினமும் கத்துகிறார்கள்: “இந்தாளு இப்படியே நின்னுகினு துன்னா காலு வீங்கிப் பூடும். எம் புள்ள வந்து சொன்னாத்தான் கேப்பாரு.” அம்மா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

சரி. நான் உங்களோடு சண்டை போட வந்திருக்கிறேன்.

நான் சமைக்கும்போது அடுப்பு மேடையில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, ‘இத பாரு அனு, இத பாரு’ என்பீர்கள். நான் ஊம் கொட்டிக்கொண்டே வெங்காயம் நறுக்குவேன். இப்போது அந்த வீடியோ எல்லாவற்றையும் நானே பார்த்துவிட்டேன். கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, யாரையாவது போட்டுத் தள்ளப் போறியா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

லூகரிலிருந்து தொடங்குகிறேன். அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். கைப்பிடி சாய்ந்திருக்கிற விதத்தில், நீட்டினாலே குறி பார்க்கிற மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு தடவை சுடும்போதும் முதுகில் இருக்கும் மூட்டு, முழங்கால் மடங்குகிற மாதிரி மேலே எழுந்து மடங்குகிறது. அதைத்தானே நிறுத்தி நிறுத்திக் காட்டுவீர்கள். ஆனால் கொஞ்சம் சேறு பட்டால் முறைத்துக்கொண்டு நின்றுவிடுமாம். கல்யாணத்துக்குப் பட்டு கட்டிக்கொண்டு வந்து, உட்காரத் தரை சுத்தமில்லை என்கிற பெண் மாதிரி.

மவுசர் என்று ஒன்று. கைப்பிடி துடைப்பக்கட்டை மாதிரி, தோட்டா அறை விசைக்கு முன்னால். மரத்தில் செய்த உறையையே பின்னால் மாட்டித் தோளில் வைத்துக்கொள்ளலாம். பார்க்க வேடிக்கை. இடுப்பில் வைத்துக்கொண்டு மின்சார ரயிலில் ஏற முடியாது.

கோல்ட் நாற்பத்தைந்து காலித் அண்ணனுடையது. உடையது என்றால் அவர் கட்சி. நெமிலிச்சேரி ஸ்டேஷன் டீக்கடையில் நீங்கள் ரெண்டு பேரும் அதற்காகப் போட்ட சண்டையில் டீ ஆறிப்போகும். “மச்சான், எழுபது வருசத்துக்கு மேல ஒரு பட்டாளம் ஒரே துப்பாக்கிய வெச்சிகினு இருந்துச்சின்னா சும்மாவா?” என்பார். கனம். ஏழு குண்டுதான். ஆனால் சொன்ன வேலையைச் செய்யும். எனக்கு அதைப் பார்த்தால் காலித் அண்ணன் ஞாபகம்தான் வருகிறது. நீங்கள் போனதிலிருந்து வாரம் தவறாமல் வந்து அம்மாவைப் பார்க்கிறார். அவர் அம்மா ஜுபைதாம்மா தொழுகையில் உங்கள் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்களாம்.

டோக்கரேவ் துப்பாக்கியில் தடுப்புப் பூட்டே கிடையாதாம். அதைச் செய்தவர்கள் வீட்டில் குழந்தைகள் இல்லை போலிருக்கிறது.

வெப்ளி வெள்ளைக்காரன் காலத்து ரிவால்வர். ஆறே குண்டு. நடுவில் ஒடித்துத் திறந்தால் சுட்டு முடித்த தோட்டாக் கூடுகளைத் தானே வெளியே தள்ளுகிறது. கிழட்டுத் துப்பாக்கி என்று காலித் அண்ணன் கிண்டல் செய்வார்.

பிரவுனிங்கில் பதின்மூன்று. நம் ராணுவத்தில் இருப்பது அதன் வழியில் வந்தது என்பீர்கள். அதை ஆரம்பித்தவர் பாதியில் இறந்துபோக, இன்னொருவர் முடித்தாராம். அதைச் சொல்லும்போது உங்கள் குரல் கொஞ்சம் இறங்கும். அது உங்களுக்குக் கொடுத்திருக்க வேண்டிய துப்பாக்கி.

இப்போது எனக்குப் பிடித்ததைச் சொல்லட்டுமா? வால்தர் முப்பத்தெட்டு. நீங்கள் அதை ஒரு நாளும் பெரிதாகச் சொன்னதில்லை. உள்ளே குண்டு இருந்தால் பின்பக்கம் சின்னதாக ஒரு ஊசி வெளியே நீட்டிக்கொண்டு நிற்குமாம். இருட்டில்கூட விரலால் தடவிப் பார்த்தால் உள்ளே இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். அந்த வீடியோவை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இந்தக் கட்டுக்கெல்லாம் நடுவில் அப்படி ஒரு ஊசி நீட்டிக்கொண்டு இருந்தால் நிஷாவைத் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

உங்களுக்குப் பிடித்தது எது? ஊருக்குச் சொன்னது வேண்டாம். காய்ச்சலில் படுத்திருந்த அன்று மத்தியானம் என்னிடம் சொன்னீர்களே, அது. நிஷா ஒவ்வொரு பெயராகச் சொல்வாள். அது வரும்போது விரலை மட்டும் தூக்குங்கள். வலித்தால்கூடத் தூக்குங்கள். ஒரே ஒரு தடவை போதும். அதற்குமேல் உங்களை நான் எதுவும் கேட்கமாட்டேன், அங்கே என்ன செய்தீர்கள், என்ன செய்ய வைத்தார்கள், எதையும்.

மகராசனாக எழுந்து வாருங்கள்.

உங்கள்
அனு.

*

நெமிலிச்சேரி,
ஜனவரி 11.

மதிப்பிற்குரிய பாண்டியன் அண்ணாவுக்கு,

நெமிலிச்சேரி அனுசுயா எழுதும் கடிதம். உங்களுக்கு வலது கண் தெரிகிறது, இடது கையால் கொஞ்சம் எழுதுகிறீர்கள் என்று நிஷா சொன்னாள். கேட்டு மனசு நிறைந்தது. இதை நீங்களே படிக்கலாம்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நிஷா என் கடிதத்தை உங்களிடம் படித்தாள் அல்லவா? லூகர் என்றபோது நீங்கள் அசையவில்லை. மவுசர், கோல்ட், டோக்கரேவ், எதற்கும் அசையவில்லை. வெப்ளி என்றதும் விரலைத் தூக்கினீர்கள். அவள் வரிசையை மாற்றி மறுபடியும் படித்தாள். மறுபடியும் வெப்ளிக்குத்தான் தூக்கினீர்கள். அந்தப் போன் வந்தபோது நான் கம்பெனியில் இருந்தேன். மேஜையில் இருந்த சாமான் எல்லாம் கீழே விழுந்து உருண்டது, நான் பொறுக்கவில்லை. என் மாமியார் செருப்புக்கூடப் போடாமல் அம்மன் கோயிலுக்கு ஓடினார்கள். ஜுபைதாம்மா பாயசம் செய்து அனுப்பினார்கள். என் மாமனார் தேவராஜ் அன்றைக்கு வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஏன் வெப்ளி என்று என் வீட்டுக்காரர் உங்களிடமும் சொல்லியிருப்பார். என்னிடம் இப்படிச் சொன்னார்: “மத்ததெல்லாம் உள்ள குண்டு கீதா இல்லியான்னு மூடி வெச்சிகினு கீது அனு. இது ஒன்னுதான் ஒடிச்சிக் காட்டுது. ‘பாத்துக்கோ, காலியாத்தான் கீறேன்’னு காட்டற துப்பாக்கிய நம்பலாம்.” வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று அவருக்குக் கூச்சம். லூகர் சரண் என்று பெயர் வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியுமா?

அப்புறம் உங்கள் முகத்துக் கட்டைப் பிரித்தார்கள். நிஷா எனக்குப் பேசவில்லை. காலித் அண்ணனுக்குப் பேசியிருக்கிறாள். அவர் பூந்தமல்லியிலிருந்து வண்டியில் வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார். “அது நம்ம ஆளு இல்லம்மா” என்றார். என் மாமியார் அப்போது உள்ளே தன் பிள்ளையின் சட்டைகளைத் துவைத்து மடித்துக்கொண்டிருந்தார்கள்.

மறைக்காமல் சொல்கிறேன், அண்ணா. அன்றைக்கு உங்களைத் திட்டினேன். யாரோ ஒருவர் எதற்காக விரலைத் தூக்க வேண்டும், எங்கள் வீட்டில் விளக்கேற்றி ஏன் அணைக்க வேண்டும் என்று திட்டினேன். நீங்கள் காகிதத்தில் கிறுக்கிக் கொடுத்ததை நிஷா சொன்ன பிறகுதான் அடங்கினேன். ‘நான் சரண் இல்லை. சரணை எனக்குத் தெரியும் என்று சொல்லத்தான் தூக்கினேன்.’

ஒரே பதுங்குகுழியில் இருந்தீர்களாமே. மேலே சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் துப்பாக்கிக் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவாராம். ஒரு நாள் லூகர், ஒரு நாள் கோல்ட். நீங்கள் எல்லோரும் கட்சி பிரிந்து சண்டை போடுவீர்களாம். கையில் நிஜத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு, அதைத் தரையில் போட்டுவிட்டு, கையில் இல்லாத துப்பாக்கியைப் பற்றிப் பேசினாராம். கேட்டபோது எனக்கு அவர் குரலே காதில் விழுந்தது. என்னிடம் மட்டும் சொன்னதை உங்களிடமும் சொல்லியிருக்கிறாரே என்று ஒரு நிமிஷம் சின்னப் பிள்ளை மாதிரி வருத்தப்பட்டேன். எப்போது சொன்னார், ஏன் சொன்னார் என்று நான் யோசிப்பதில்லை.

உங்கள் ஊர் முத்தாபுதுப்பேட்டை என்று எழுதிக் கொடுத்தீர்களாம். நானும் காலித் அண்ணனும் போனோம். உங்களையும் அதே ஏஜென்ட்தான் அனுப்பியிருக்கிறான். இத்தனை பக்கத்தில், ஒரே ஆளிடம் ஏமாந்த இன்னொரு வீடு இருப்பது இத்தனை மாதம் எங்களுக்குத் தெரியாது. உங்கள் மனைவி கனிமொழி வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். உங்கள் பெயரைச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தார். நான் மேற்கொண்டு சொல்வதற்குள் தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். உயிரோடு இருக்கிறார், உயிரோடு இருக்கிறார் என்று நான் கத்திச் சொன்ன பிறகும் வெகு நேரம் ஆனது. அப்புறம் ஈரக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டார். வற்புறுத்திச் சோறு போட்டார். உங்கள் சின்னப் பெண் என் மடியிலேயே தூங்கிவிட்டாள். கிளம்பும்போது கனிமொழி கேட்டார், “உங்க ஊட்டுக்காரரு எப்படி கீறாரு?” என்று. அவரும் வருவார் என்று சொன்னேன். காலித் அண்ணன் திரும்பிக்கொண்டு வண்டியைத் துடைத்தார்.

அண்ணா, நிஷா உங்களிடம் இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். சரண் எங்கே என்று கேட்டதும் நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்களாம். அவள் அதைச் சொல்லும்போது தயங்கினாள். நான் என்ன என்று கேட்கவில்லை.

இங்கே பொங்கல் வருகிறது. தெருவில் எதிரே வருகிறவர்கள் முதலில் என் நெற்றியைப் பார்க்கிறார்கள், அப்புறம்தான் பேசுகிறார்கள். என் மாமியார் வேம்புலியம்மாள், “ஒடம்பு முடியாத புள்ளயப் போட்டுக் கொடையாதே. அது நல்லாயி வந்து எல்லாம் சொல்லும்” என்கிறார்கள். நீங்கள் வந்து சரணை எங்கே போய் அழைத்து வர வேண்டும் என்று சொல்வீர்கள் என நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஏஜென்ட் ஆபீசைப் பூட்டிவிட்டு ஓடிவிட்டான். கலெக்டர் ஆபீசிலும் போலீசிலும் மனு வாங்கிக்கொண்டு, தகவல் வந்தால் சொல்கிறோம் என்கிறார்கள். எல்லோரும் கதவைச் சாத்திய பிறகு எனக்கு மிச்சம் நீங்கள் ஒருவர்தான்.

முதலில், நிஷாவிடம் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சி எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதியதைக் கிழித்துவிட்டேன். அவள் சின்னப் பெண். பரீட்சை வருகிறது. அவள் தலையில் அதை வைக்க வேண்டாம்.

கனிமொழி வீட்டு வாசலில் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் உங்கள் பெயரை மட்டும்தான் சொன்னேன். நல்ல செய்தி கொண்டுபோனதற்கே அப்படி. உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிகிறது, அண்ணா. உங்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

நீங்கள் உடம்பு தேறி வர வேண்டும். தாடை கூடி வாய் நிறையப் பேச வேண்டும். உங்கள் பெண்ணைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அதெல்லாம் ஆன பிறகு, ஒரு நாள் நெமிலிச்சேரிக்கு வாருங்கள். எந்த ரயில் என்று சொன்னால் ஸ்டேஷனில் வந்து நிற்கிறேன். வீட்டில் அம்மா இருப்பார்கள். அதனால் ஸ்டேஷனிலேயே என்னிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் தங்கை,
அனுசுயா சரண்.